பஸ்களுக்கு இடைப்பட்ட நேரம் யாருக்குச் சொந்தம்?

காலை வேளையில் காலி வீதியில், வெள்ளவத்தைப் பகுதியிலுள்ள ஏதாவதொரு பஸ் தரிப்பிடத்தில் அரை மணி நேரம் நின்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். நீண்ட நேரமாகப் பஸ் எதுவும் வராது. பின்னர் ஒரே இலக்கத்தைத் தாங்கிய இரண்டு அல்லது மூன்று பஸ்கள் ஒன்றையொன்று உரசுமாப்போல் வந்து சேரும். முதலாவது வண்டியின் மிதிபலகையில் மனிதர்கள் தொங்கிக்கொண்டிருப்பர். மூன்றாவது வண்டியில் யன்னலோர ஆசனங்கள்கூட வெறுமையாக இருக்கும். மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி ஊடாகக் கல்முனைக்குச் செல்லும் வீதியிலும், யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியிலும் பயணம் செய்வோருக்கும் இக்காட்சி புதியதன்று.

இதற்கான காரணத்தைக் கேட்டால் பெரும்பாலானோர் சாரதிகளையே ஏசுவர். அந்த ஏச்சில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், சாரதிகள் அனைவரும் ஒழுக்கசீலர்களாகவே மாறிவிட்டாலும் இந்த நிலைமை முற்றாக நீங்கிவிடாது என்பதே உண்மை. சமமான இடைவெளியில் புறப்பட்ட பஸ்கள், எவரும் தடுக்காவிட்டால், தாமாகவே ஒன்றுசேர்ந்துவிடும் இயல்புடையவை. எமது நாட்டில் அந்த இயல்பின் மீது பணம் சம்பந்தப்பட்ட ஓர் ஏற்பாடும் ஏற்றிவைக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்ளாமல், நேர அட்டவணை பற்றி எத்தனை கூட்டங்களை நடத்தினாலும் பயன் கிட்டப்போவதில்லை.

முதலில் பயணியின் பக்கத்திலிருந்து கணக்கைப் பார்ப்போம். ஒரு பாதையில் மணித்தியாலத்துக்கு 6 பஸ்கள் ஓடுகின்றன என வைத்துக்கொள்வோம். அவை 10 நிமிடங்களுக்கு ஒன்றாக வந்தால், நேரம் பாராமல் தரிப்பிடத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக 5 நிமிடங்கள் காத்திருப்பார். அதே 6 பஸ்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 நிமிடங்களுக்கு ஒரு தடவை வருமாயின் அவர் காத்திருக்கும் நேரம் சராசரியாக 10 நிமிடங்களாகிவிடும். மூன்று மூன்றாக வந்தால் 15 நிமிடங்கள். பஸ்களின் எண்ணிக்கை குறையவில்லை. எரிபொருள் செலவு குறையவில்லை. சாரதிக்கும் நடத்துநருக்கும் கொடுக்கும் கூலி குறையவில்லை. பயணி மட்டும் இருமடங்கு, மும்மடங்கு நேரத்தை வெயிலில் இழந்துவிடுகின்றார்.

இன்னுமொரு நிலைமையைக் கவனிப்போம். பஸ்கள் 2 நிமிட இடைவெளியிலும் 18 நிமிட இடைவெளியிலும் மாறிமாறி வருகின்றன. அலுவலகத்தில் இருக்கும் அதிகாரி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சராசரி இடைவெளி 10 நிமிடங்களே என்பார். தரிப்பிடத்தில் நிற்பவரோ, தாம் வரும்போதெல்லாம் பஸ் பிந்தியே வருகின்றது என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருபது நிமிடங்களில் 18 நிமிடங்கள் நீண்ட இடைவெளிக்கு உரியவை. ஆகவே பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த நீண்ட இடைவெளிக்குள்ளேயே தரிப்பிடத்துக்கு வந்து சேர்வர். குறுகிய இடைவெளியை அனுபவிப்பவர் ஒருவர் மாத்திரமே. அதிகாரி இடைவெளிகளை எண்ணுகின்றார். இடைவெளிக்குள் அகப்பட்ட மனிதர்களை அவர் எண்ணுவதில்லை. மனிதர்களை எண்ணினால், சராசரிப் பயணி அகப்பட்டுக்கொள்ளும் இடைவெளி 16 நிமிடங்களுக்கும் அதிகமாகும். அவர் காத்திருக்கும் நேரம் 8 நிமிடங்களுக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கும். பஸ் சேவை பற்றிய முறைப்பாடுகளுக்கு அதிகாரிகளும் பொதுமக்களும் ஒருவரையொருவர் நம்பாமல் பேசிக்கொள்வதற்கு இந்தக் கணக்கு வேறுபாடு ஒரு முக்கிய காரணம் என்றே நாம் கருதுகின்றோம்.

இனி, சமமாகப் புறப்பட்டவை ஏன் சமமாக வந்து சேர்வதில்லை என்பதற்கு வருவோம். பத்து நிமிட இடைவெளியில் பஸ்கள் செல்கின்றன. ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் நிமிடத்துக்கு ஒருவர் வந்து சேர்கின்றார். ஒருவர் ஏறுவதற்கு 6 செக்கன்கள் பிடிக்கின்றன. இப்போது ஒரு பஸ், சமிக்ஞை விளக்கிலோ வீதித் தடையிலோ அகப்பட்டு 2 நிமிடங்கள் பிந்திவிடுகின்றது. அடுத்த தரிப்பிடத்தில் 10 பேருக்குப் பதிலாக 12 பேர் நிற்பர். மேலதிகமான இருவர் ஏறுவதற்கு 12 செக்கன்கள் வீணாகும். எனவே அதற்கடுத்த தரிப்பிடத்துக்கு அது இன்னும் பிந்தியே செல்லும். அங்கே இன்னும் அதிகமானோர் நிற்பர். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ நிலைமை தலைகீழாகும். அதற்கென மிஞ்சியிருப்பவர்கள் 8 பேர் மாத்திரமே. அது விரைவாகப் புறப்பட்டு, மேலும் மேலும் முன்வண்டியை நெருங்கும். இந்தக் கணக்கைத் தரிப்பிடம் தரிப்பிடமாகப் போட்டுப் பார்த்தால், பத்தாவது தரிப்பிடத்தில் பின்வண்டி முன்வண்டியின் வாலைத் தொட்டுவிடுகின்றது. பத்து நிமிட இடைவெளியை விழுங்குவதற்கு ஆரம்பத்தில் ஏற்பட்ட 2 நிமிடத் தாமதமே போதுமானதாகிவிட்டது. சாரதிகள் எவரும் தவறிழைக்கவில்லை. ஒருவருடன் ஒருவர் போட்டியிடவும் இல்லை. நியூவெல், பொட்ஸ் என்னும் இரு கணிதவியலாளர்கள் 1964ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கிவிட்டனர்.

ஒரு தட்டில் நீரை ஏந்திக்கொண்டு நடப்பவரின் நிலைமைக்கு இதனை ஒப்பிடலாம். சற்றுச் சாய்ந்தாலும் நீர் சாய்ந்த பக்கத்துக்கே ஓடி, சாய்வை மேலும் கூட்டும். கையால் இடைவிடாது சரிசெய்துகொண்டிருந்தாலன்றி அது நிலைநிற்காது. அதாவது, சம இடைவெளி என்பது புறப்படும் இடத்தில் ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துவிடக்கூடியதன்று. வழி நெடுகிலும் அதனைக் காப்பாற்ற வேண்டியுள்ளது.

இது உலகப் பொதுவான விதி. எமது வீதிகளில் நிகழ்வதோ இதனிலும் ஒருபடி மேலானது. தனியார் பஸ்களில் சாரதியும் நடத்துநரும் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறுபவர்கள் அல்லர். அன்றாட வசூலில் உரிமையாளருக்குரியதைக் கொடுத்த பின்னர் மிஞ்சுவதோ, வசூலில் குறிப்பிட்ட ஒரு பங்கோ அவர்களது கூலியாகின்றது. மேலே சொன்ன 2 நிமிட, 18 நிமிட உதாரணத்தை இங்கே மீண்டும் எடுத்துப் பார்ப்போம். நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் பஸ் 18 பயணிகளை ஏற்றும்போது, அதன் பின்னால் வருவது 2 பயணிகளையே ஏற்றுகின்றது. வருமானத்தில் ஒன்பது மடங்கு வித்தியாசம்! ஆகவே தனக்கு முன்னாலுள்ள இடைவெளியே ஒரு பஸ்ஸின் அன்றைய வருமானம். அந்த இடைவெளியை அகட்டுவதற்குச் சாரதி என்ன செய்வார்? தரிப்பிடங்களில் தேவைக்கு மேல் நிற்பார்; ஆமை வேகத்தில் ஊர்ந்து செல்வார்; பயணிகள் முணுமுணுத்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பக்கக் கண்ணாடியில் அடுத்த பஸ் தெரிந்த கணத்திலேயே நிலைமை மாறிவிடும். இதுவரை ஊர்ந்த வண்டி பேய் பிடித்ததுபோல் பாயத் தொடங்கும். இருக்கையில் அமர்வதற்கு முன்னரே முதியவர்கள் விழுந்து எழுவர். ஒரே பயணத்தில் அளவுக்கு மீறிய மந்தத்தையும் அளவுக்கு மீறிய வேகத்தையும் நாம் அனுபவிப்பதன் சூட்சுமம் இதுவேயாகும். அது சாரதியின் மனநிலைக் கோளாறு அன்று. அவரது கூலி அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கின்றது.

இந்த ஓட்டப் போட்டியின் விலை சில வேளைகளில் உயிராகவும் இருந்துள்ளது. 2005 ஏப்ரல் 27ஆம் திகதி பொல்கஹவெலவுக்கு அண்மையில் யாங்கல்மோதர புகையிரதக் கடவையில் பஸ் ஒன்று புகையிரதத்துடன் மோதுண்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மற்றொரு பஸ்ஸை முந்திச்செல்லும் அவசரமே மூடியிருந்த கடவையைக் கடக்கத் தூண்டியதாக அப்போது செய்திகள் கூறின.

இலங்கையின் பஸ் வரலாறே ஒருவகையில் இந்த இடைவெளியை யார் கையில் கொடுப்பது என்ற இழுபறியின் வரலாறு எனலாம். ஆரம்பத்தில் ஒரே பாதையில் பல உரிமையாளர்கள் போட்டிபோட்டு ஓடினர். அந்தப் போட்டி கட்டுக்கடங்காமற் போகவே 1942இல் கொண்டுவரப்பட்ட சட்டம் ஒரு பாதையை ஒரு நிறுவனத்துக்கே உரித்தாக்கும் வழியைத் திறந்தது. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. தொண்ணூறுகளில் சபையே பல கம்பனிகளாகப் பிரிந்தது. 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அமைந்தது. 2005இல் இ.போ.ச. மீண்டும் ஒரே சபையாகியது. சபையின் பழைய நாட்களைப் பொற்காலமாக வர்ணிப்போரும் உளர். வண்டிப் பற்றாக்குறையையும் நிரம்பி வழிந்த பஸ்களையும் அவர்கள் மறந்துவிடுகின்றனர். எனினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே உரிமையாளர் என்ற நிலையில், முன்னால் செல்லும் பஸ்ஸின் வசூலும் பின்னால் வரும் பஸ்ஸின் வசூலும் ஒரே பெட்டிக்குள் விழுந்தன. ஆகையால் ஒன்று மற்றொன்றைத் துரத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இன்று அந்தப் பொறுப்பு நேரக் கணிப்பாளரின் தலையில் சுமத்தப்பட்டுள்ளது. பஸ் நிலையத்தில் ஒரு கொப்பியுடனும் கைக்கடிகாரத்துடனும் நிற்கும் அந்த மனிதர், தாம் அனுப்பிவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் எவரோ ஒருவரது வருமானம் என்பதை அறிவார். இரண்டு நிமிடங்களுக்காக அவருடன் வாக்குவாதம் செய்வதும், சில சமயங்களில் அது கைகலப்பாக மாறுவதும் அற்ப விடயங்களாகத் தோன்றலாம். கணக்கை அறிந்தவருக்கு அவ்வாறு தோன்றாது. மேலும், நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டியின் மீது அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. வழியில்தான் இடைவெளி குலைகின்றது என்பதை மேலே கண்டோம்.

கொழும்பிலே சில சந்திகளில் நின்று, முன்னே சென்ற பஸ் எத்தனை நிமிடங்களுக்கு முன் போனது என்று கூவிச் சொல்லி, நடத்துநரிடம் சில்லறை வாங்கிக்கொள்ளும் மனிதர்களையும் நாம் கண்டிருக்கின்றோம். இதேபோன்ற தொழில் மெக்சிகோ நாட்டின் குவர்னவாக்கா நகரிலும் இருந்தது. அங்கே பஸ்களை நிர்வகிக்கும் நகர நிறுவனமோ பொதுவான நேர அட்டவணையோ இருக்கவில்லை. வண்டிகள் சாரதிகளுக்கே சொந்தமானவை. தரிப்பிடங்களில் நேரத்தைக் குறித்துவைத்திருப்போரிடம் சாரதிகள் அந்தத் தகவலை விலைக்கு வாங்கி, முன்வண்டி அண்மையில் சென்றிருந்தால் மெதுவாகவும், தொலைவில் சென்றிருந்தால் விரைவாகவும் ஓட்டினர். கிறபாலெக், செபா என்னும் இரு பௌதிகவியலாளர்கள் அந்த நேரங்களைச் சேகரித்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அணுக்கருவின் சக்தி மட்டங்களுக்கு இடையிலான இடைவெளிகளை விளக்கப் பயன்படும் அதே வகைக் கணிதம் அந்த ஊர் பஸ்களுக்கும் பொருந்தியமை விந்தையிலும் விந்தை! முழுமையான சம இடைவெளி அங்கும் ஏற்படவில்லை. ஆனால், ஒன்றன் வாலை மற்றொன்று பிடித்து வருவது அரிதாகியிருந்தது. முன்வண்டி எங்கே இருக்கின்றது என்ற ஒரேயொரு தகவல் அந்தளவுக்கு வேலை செய்திருக்கின்றது. எமது காலி வீதியிலோ 100ஆம் இலக்க பஸ்ஸும் 101ஆம் இலக்க பஸ்ஸும் இன்னும் பலவும் ஒரே பயணிகளுக்காகப் போட்டியிடுவதனால், தனது இலக்கத்துக்குரிய முன்வண்டியை மட்டும் அறிவதால் சாரதிக்குப் பெரும் பயன் கிடைப்பதில்லை.

வேறு நாடுகளில் கையாளப்படும் வழிகள் இரண்டு வகையானவை. ஒன்று, வசூலையும் இடைவெளியையும் பிரித்துவிடுவது. லண்டன் நகரில் பஸ்களை ஓட்டுபவை தனியார் நிறுவனங்களே. ஆனால் பயணிகள் செலுத்தும் கட்டணம் அந்த நிறுவனங்களுக்குச் செல்வதில்லை. நகரப் போக்குவரத்து அதிகார சபைக்கே செல்கின்றது. ஒப்பந்தப்படி ஓடிய சேவைக்காக நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கப்படுகின்றது. அதைவிட முக்கியமானது, மணித்தியாலத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பஸ்கள் ஓடும் பாதைகளில், பஸ் நேரத்துக்குப் புறப்பட்டதா என்று பார்க்கப்படுவதில்லை. சம இடைவெளியில் வந்திருந்தால் பயணி காத்திருந்திருக்க வேண்டிய நேரத்தைவிட எவ்வளவு நேரம் அதிகமாகக் காத்திருந்தார் என்பதே அளக்கப்படுகின்றது. அது குறைந்தால் ஊக்கத்தொகை, கூடினால் வெட்டு. சிங்கப்பூரும் 2014இல் இந்த அளவீட்டைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2016இல் கட்டண வசூலை அரசே பொறுப்பேற்கும் ஒப்பந்த முறைக்கு மாறியது.

மற்றையது, வழியிலேயே இடைவெளியைத் திருத்துவது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள பல்கலைக்கழகமொன்றின் பஸ் சேவையில் பார்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்னும் ஆய்வாளர்கள் செய்துபார்த்த முறை 2012இல் வெளியாகியது. அதில் நேர அட்டவணையே கிடையாது. குறிப்பிட்ட ஒரு தரிப்பிடத்துக்கு வரும் பஸ், தனக்குப் பின்னால் வரும் பஸ் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பார்த்து, அந்த இடைவெளியின் ஒரு பங்கு நேரம் நின்றுவிட்டுப் புறப்படும். பின்வண்டி தொலைவிலிருந்தால் கூடுதலாக நிற்கும். அருகிலிருந்தால் விரைவில் புறப்பட்டுவிடும். இதைச் சுற்றுக்குச் சுற்று செய்யும்போது இடைவெளிகள் தாமாகவே சமமாகிவிடுகின்றன. ஒரு வண்டி பழுதாகி விலகினாலும் எஞ்சியவை மீண்டும் சமப்பட்டுக்கொள்கின்றன. கையடக்கத் தொலைபேசியே இருப்பிடத்தைக் காட்டும் இக்காலத்தில் இதற்குப் பெருஞ்செலவு ஆகப்போவதில்லை.

இதற்கும் ஓர் எதிர்ப்பு உண்டு. நிறுத்திவைக்கப்பட்ட பஸ்ஸில் இருப்பவர்களுக்கு ஆத்திரம் வரும். அவர்கள் இருபது முப்பது பேராக ஓரிடத்தில் இருப்பதால் சத்தமிடுவர், நடத்துநர் அஞ்சுவார். அந்த இரண்டு நிமிடங்களால் பயனடையப்போகும் அடுத்தடுத்த தரிப்பிடங்களிலுள்ள நூறு பேர் தனித்தனியாகச் சிதறி நிற்பதால், அவர்களது சத்தம் எவருக்கும் கேட்பதில்லை. அவர்களுக்காகப் பேசுவதற்கென்றுதான் ஓர் அதிகார சபை தேவைப்படுகின்றது.

வடக்கிலும் கிழக்கிலும் இ.போ.ச.வுக்கும் தனியார் பஸ் உரிமையாளர்களுக்கும் இடையே இணைந்த நேர அட்டவணை தொடர்பான பிணக்கு பல தடவைகள் பணிப்பகிஷ்கரிப்பு வரை சென்றுள்ளது. 2025 ஆகஸ்டில் இ.போ.ச. தொழிற்சங்கங்கள் இணைந்த நேர அட்டவணைக்கு எதிராக நாடளாவிய ரீதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஒவ்வொரு பக்கத்தினதும் நியாயங்களை இங்கே எடைபோட நாம் முற்படவில்லை. இரு தரப்பினரும் கேட்பது எந்தெந்த நிமிடங்கள் தமக்குரியவை என்பதையே. அலுவலகம் விடும் நேரத்து நிமிடங்கள் விலைமதிப்புள்ளவை. பிற்பகல் இரண்டு மணி நிமிடங்களை எவரும் விரும்புவதில்லை. வசூல் தனித்தனிப் பைகளுக்குப் போகும்வரை, எத்துணை நேர்மையாக வரையப்பட்ட அட்டவணையும் ஒரு தரப்புக்கு அநீதியாகவே தோன்றும்.

பிணக்கின்போது பேசப்படாத ஒரு தரப்பும் இருக்கின்றது. பாடசாலை மாணவரின் பருவச்சீட்டு இ.போ.ச. பஸ்ஸில்தான் செல்லுபடியாகும். இடையில் ஓடும் தனியார் பஸ்கள் அந்த மாணவரைப் பொறுத்தவரை ஓடாத பஸ்களே. அட்டவணையில் 15 நிமிடங்களுக்கு ஒரு பஸ் என்றிருந்தாலும், அவரது இடைவெளி அரை மணி நேரமாகவோ ஒரு மணி நேரமாகவோ இருக்கக்கூடும். ரமழான் மாதத்தில் நோன்பு துறக்கும் நேரத்துக்குள் வீடு சேர வேண்டிய தொழிலாளியும், இருட்டிய பின் ஆளரவமற்ற தரிப்பிடத்தில் தனித்து நிற்கும் தாதியும் சராசரிக் கணக்கைக் கொண்டு தம்மைத் தேற்றிக்கொள்ள முடியாதவர்கள். அவர்களுக்கு அந்த நாளின் மிக நீண்ட இடைவெளி எது என்பதே முக்கியம்.

சம இடைவெளி எல்லா இடங்களுக்கும் பொருந்தும் என்றும் நாம் சொல்லவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் செல்லும் பஸ் நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகளின் நேரத்துக்கு இசைந்து செல்ல வேண்டுமேயன்றி, மணிக்கூட்டுக்கு இசைந்தன்று. நாளொன்றுக்கு நான்கைந்து பஸ்களே செல்லும் கிராமத்தில் குறித்த நேரம் தவறாமையே பெரிது. அத்தகைய ஊருக்கு இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஐந்து நிமிட வித்தியாசத்தில் சென்றுவிட்டு, பின்னர் இரண்டு மணி நேரம் எதுவும் செல்லாதிருப்பதைச் சேவை என்று எப்படி அழைப்பது என்பது எமக்கு விளங்கவில்லை.

மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைகளும் தேசிய ஆணைக்குழுவும் ஒரு பாதையில் எத்தனை அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன, எத்தனை ஓட்டங்கள் ஓடின என்ற எண்ணிக்கைகளுடன், இடைவெளிகளையும் பயணி காத்திருக்கும் நேரத்தையும் பாதைவாரியாக வெளியிட வேண்டும். அவர்கள் வெளியிடும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. உயர்தர வகுப்பு மாணவர்கள் இருவர், ஒரு கொப்பியுடன் ஒரு தரிப்பிடத்தில் காலை 6.30 முதல் 8.30 வரை நின்று, ஒவ்வொரு பஸ்ஸும் வந்த நேரத்தைக் குறித்தால் போதும். அடுத்தடுத்த நேரங்களின் வித்தியாசங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டி, அக்கூட்டுத்தொகையை அவ்வித்தியாசங்களின் மொத்தத்தின் இருமடங்கால் வகுத்தால், அந்தத் தரிப்பிடத்தில் ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் நிமிடக் கணக்கில் கிடைக்கும். அதே எண்ணிக்கையான பஸ்கள் சமமாக வந்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தில் சம்பந்தப்பட்ட அதிகாரிகளின் மேசையில் வைக்கலாம்.